பப்ளிக் ஸ்கூலுக்கு எதுக்கு ஒரு எஜுகேஷன் ஃபவுண்டேஷன்?

கேள்வி: அமெரிக்கா வந்து ரெண்டு வருஷம் ஆகுது, பையன் பப்ளிக் ஸ்கூல்ல படிக்கிறான். எங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட எஜுகேஷன் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு பணம் கேட்டு லெட்டர் அனுப்புது. அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு நாம ஏன் தனியா கொடுக்கணும்? அவங்க அதை வெச்சு என்னதான் பண்றாங்க?

பதில்:

இதே மாதிரி லெட்டரை முதல் தடவை என் பொண்ணு பேக்ல இருந்து எடுத்தப்போ எனக்கும் எரிச்சல்தான் வந்துச்சு. ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டியே முதுகு ஒடியுது, இதுல இது வேறயான்னு கசக்கி குப்பையில போட்டுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஃபவுண்டேஷன்ல இருந்த பக்கத்து வீட்டு அக்கா, கிளாஸுக்குப் பணம் கேட்டு டீச்சருங்க அனுப்புற கிராண்ட் அப்ளிகேஷனைப் படிச்சு மார்க் போட ஆள் பத்தல, நீ வா, பணம் எல்லாம் கேக்க மாட்டோம்னு கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போனாங்க. அஞ்சு வருஷமா அந்த அப்ளிகேஷனைப் படிச்சிட்டு இருக்கேன். பணம் கேக்க மாட்டோம்னு சொன்னது மட்டும் பொய்.

மொதல்ல இது யாருன்னு தெளிவா வெச்சுக்கோங்க. ஃபவுண்டேஷன் வேற, ஊர் பப்ளிக் ஸ்கூல் எல்லாத்தையும் நடத்துற டிஸ்ட்ரிக்ட் வேற. தேர்தல்ல நின்னு ஜெயிச்சு வர்ற ஸ்கூல் போர்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, இது 501 சி 3ன்னு வரிச் சட்டத்துல சொல்ற, லாப நோக்கம் இல்லாத தனி நான்-ப்ராஃபிட், ஊர்க்காரங்களே நடத்துறது. பி.டி.ஏ.ங்கிற பெற்றோர்-ஆசிரியர் சங்கம்னா உங்க பையன் படிக்கிற ஒரு ஸ்கூலுக்கு, பூஸ்டர் கிளப்னா பேண்டுக்கோ ஃபுட்பால் டீமுக்கோ, ஃபவுண்டேஷன் மட்டும்தான் டிஸ்ட்ரிக்ட்ல இருக்கிற எல்லா ஸ்கூலுக்கும் பொதுவா இருக்கும்.

அரசாங்கம்தானே நடத்துதுன்னு கேட்டீங்க இல்ல, நியாயமான கேள்வி. ஆனா அந்த அரசாங்கம்ங்கிறது பெரும்பாலும் மாநிலமும் உங்க ஊர் வரியும்தான், வாஷிங்டன்ல இருந்து வர்றது சுமார் பத்துல ஒரு பங்கு. வர்ற பணத்துல பெரும்பகுதி சம்பளம், பென்ஷன், இன்ஷூரன்ஸ்னு போயிடும், மிச்சத்துக்கும் இது பஸ்ஸுக்கு, இது சாப்பாட்டுக்கு, இது ஸ்பெஷல் எஜுகேஷனுக்குன்னு ஏற்கனவே பேர் எழுதி வெச்சிருக்கும். ஒரு மூணாங்கிளாஸ் டீச்சருக்கு அக்டோபர்ல ஒரு ஐடியா வந்து அதுக்கு 400 டாலர் வேணும்னா கேக்க ஆள் கிடையாது, அடுத்த வருஷ பட்ஜெட்ல பாக்கலாம்பாங்க, அடுத்த வருஷம் அந்தப் பசங்க நாலாங்கிளாஸ் போயிருப்பாங்க. அதனால அவங்களே கைக்காசைப் போட்டுடறாங்க. 2014-15 வருஷத்தைப் பத்தி ஃபெடரல் கல்வித்துறை எடுத்த சர்வேல பப்ளிக் ஸ்கூல் டீச்சருங்கள்ல 94 சதவீதம் பேர் திரும்ப வராத சொந்தக் காசை கிளாஸுக்கு செலவு பண்ணியிருக்காங்க, சராசரி 479 டாலர். வரியில அதுக்கு ஒரு கழிவு குடுக்கறாங்க, அந்தத் தொகையையே திருப்பிக் குடுத்துடறாங்கன்னு நெனச்சுடாதீங்க, வரி போடற வருமானத்துல அவ்வளவு குறையும், அவ்ளோதான்.

ஃபவுண்டேஷன் நுழையறது அந்த இடத்துலதான். டிஸ்ட்ரிக்ட் பட்ஜெட்டோட வெச்சுப் பாத்தா நாங்க குடுக்கறது யானைப் பசிக்கு சோளப்பொரி, ஆனா சீக்கிரமா வரும், கேட்ட டீச்சர் கைக்கே போய்ச் சேரும்.

அந்த அப்ளிகேஷன் படிக்கிற வேலை இருக்கே, அதை வெச்சுதான் எனக்கு ஸ்கூலே புரிஞ்சுது. டீச்சர் பேர், ஸ்கூல் பேர் எல்லாத்தையும் மறைச்சுட்டு எங்களுக்கு அனுப்புவாங்க, ஆளுக்கு இருபது முப்பது வரும், எத்தனை பசங்களுக்குப் பயன்படும், என்ன கத்துப்பாங்க, பட்ஜெட் ஒழுங்கா இருக்கான்னு மார்க் போடணும். ரெண்டாவது வருஷம் ஒண்ணு வந்துச்சு. ஒரு டீச்சர் காபி வண்டி கேட்டிருந்தாங்க. ஆமா, சக்கரம் வெச்ச வண்டி, ஒரு பெரிய காபி கேன், கப்பு, சில்லறைப் பெட்டி, மொத்தம் 640 டாலர். நாலே வரி எழுதியிருந்தாங்க, அதுலயும் ரெண்டு எழுத்துப்பிழை. நான் பத்துக்கு மூணு போட்டேன், டீச்சருங்க காபி குடிக்க ஊரான் காசான்னு மனசுல திட்டிட்டேதான் போட்டேன்.

மீட்டிங்ல அதைத் தள்ளி வெக்கப் போற நேரத்துல கடைசி நாற்காலில இருந்த ஒரு அப்பா கையைத் தூக்கினாரு. அவர் பையன் ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருக்கான். இந்த நாட்டுல அந்தப் பசங்கள்ல தேவைப்படறவங்க ஹை ஸ்கூல் வயசு தாண்டியும் 21 வரைக்கும் பெரும்பாலான மாநிலங்கள்ல ஸ்கூல் மூலமாவே படிக்கலாம், அங்க அல்ஜீப்ரா கிடையாது, பஸ் ஏறுறது, துணி துவைக்கறது, கடையில பாக்கி வாங்குறது, இதான் பாடம். அவர் சொன்னாரு, "என் பையன்கிட்ட அஞ்சு டாலர் குடுத்தா அப்படியே நீட்டிட்டு நிப்பான், பாக்கி எவ்ளோன்னு கேக்கத் தெரியாது. வண்டியைத் தள்ளிட்டு ஸ்டாஃப் ரூம் ஸ்டாஃப் ரூமா போய் காபி வித்தா, தெரிஞ்ச முகத்துக்கிட்ட தப்பு பண்ணி கத்துக்கலாம். நிஜக் கடையில தப்பு பண்ணா பின்னாடி வரிசையில நிக்கிறவன் கத்துவான்." ஒருத்தரும் பேசல. நான் என் மூணை அழிச்சுட்டு ஒன்பது போட்டேன்.

அப்புறம் ஒரு நாள் அந்த ஸ்கூலுக்குப் போயி அந்த வண்டியில காபி வாங்கினேன், ரெண்டு டாலர். சில்லறையை ஒரு தடவை எண்ணி, சந்தேகம் வந்து மறுபடி கொட்டி எண்ணி, என் கையில ஒவ்வொண்ணா வெச்சான் அந்தப் பையன். காபி ஆறிப் போச்சு.

எல்லாமே இப்படி ஜெயிச்சுடும்னு நெனக்காதீங்க. ஒரு த்ரீ-டி பிரிண்டர் வாங்கிக் குடுத்தோம், அமர்க்களமா போட்டோ எல்லாம் எடுத்தோம், அடுத்த வருஷம் அந்த டீச்சர் வேற மாநிலத்துக்குப் போயிட்டாங்க, அது இன்னிக்கும் ஸ்டோர் ரூம்ல துணி போத்தித் தூங்குது. கிராண்ட்ல வாங்குறது எல்லாம் ஸ்கூலோட சொத்து, டீச்சர் கையோட எடுத்துட்டுப் போக முடியாது. இப்ப எங்க ஃபார்ம்ல நீங்க போயிட்டா யாரு பாத்துப்பாங்கன்னு ஒரு கேள்வி சேத்துட்டோம். ஆப் சப்ஸ்கிரிப்ஷன் கேட்டா இன்னும் தலைவலி, பசங்க தகவல் வெளிய போகுமான்னு டிஸ்ட்ரிக்ட் ஐடி ஆளுங்க பாத்து ஓகே சொல்லணும், சரின்னு ஒரு வருஷம் கட்டிட்டா ரெண்டாவது வருஷம் யாரு கட்டுறதுன்னு நிக்கும். எனக்குப் புத்தகம் கேக்குற டீச்சரைத்தான் ரொம்பப் பிடிக்கும், அது ரிப்பேர் ஆகாது.

பசங்களுக்கு நேரடியா போறதும் இருக்கு. காலேஜ் ஸ்காலர்ஷிப் எல்லாருக்கும் தெரியும், மேடையில வெச்சு குடுப்பாங்க. வெளிய தெரியாத இன்னொண்ணு இருக்கு, கவுன்சலரோ ஸ்கூல் நர்ஸோ ஒரு மெயில் அனுப்புவாங்க, ஒரு ஸ்டூடண்டுக்கு மூக்குக் கண்ணாடி, ஒருத்தருக்கு ஹை ஸ்கூல்லயே காலேஜ் லெவல் பாடத்துக்கு எழுதற ஏ.பி. எக்ஸாம் ஃபீஸ், குளிருக்கு ஒரு ஜோடி ஷூ, அவ்ளோதான், எந்தப் பிள்ளைன்னு எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க, நாங்களும் கேக்கக் கூடாது. நம்ம ஊர்ல டியூப் லைட் குடுத்துட்டு வெளிச்சமே வராத அளவுக்கு அன்பளிப்புன்னு பேர் எழுதுவாங்களே, அதுக்கு நேர் எதிர்.

உறுத்தற விஷயத்தையும் சொல்லிடறேன். கலிஃபோர்னியாவுல 1978ல மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த ப்ரொபொசிஷன் 13ங்கிற சட்டம் வந்து வீட்டு வரியை மதிப்புல ஒரு சதவீதம், வருஷ ஏத்தம் ரெண்டு சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு கட்டிப் போட்டப்போ ஸ்கூலுக்கு வர்ற பணம் சுருங்கிச்சு, அதுக்கப்புறம்தான் அங்க ஊருக்கு ஊரு ஃபவுண்டேஷன் மொளச்சுது. பிரச்சினை என்னன்னா பணக்கார ஊரு ஃபவுண்டேஷன் ஒரு ராத்திரி டின்னர்லயே ஆர்ட் டீச்சர் சம்பளத்தை வசூல் பண்ணிடும், ஏழை ஊர்ல அப்பா அம்மா ரெண்டு வேலை பாக்கறாங்க, டின்னர் யாரு நடத்துறது? வரிப்பணத்தை ஒரு மாதிரி சமமா பிரிச்சா நன்கொடை பின்வாசல் வழியா வந்து திரும்ப மேடு பள்ளம் ஆக்கிடுது. சில இடத்துல இதுக்கு வழி தேடினாங்க. சான்டா மோனிகா-மாலிபு டிஸ்ட்ரிக்ட்ல 2011ல, தனித்தனி ஸ்கூல் சேக்குற பணத்துல ஸ்டாஃப் வெச்சுக்கிறது வேணாம், பொதுவா சேத்து எல்லா ஸ்கூலுக்கும் பிரிப்போம்னு முடிவு பண்ணாங்க, மாலிபு பக்கம் அதுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சு. என் கருத்து கேட்டா பொதுவா பிரிக்கறதுதான் சரி. சண்டை போட்டவங்களை எனக்குப் புரியவும் செய்யுது, தன் பிள்ளை ஸ்கூலுக்குக் குடுக்கற கை ஊருக்குன்னா கொஞ்சம் மடங்கத்தான் செய்யும்.

அதனாலதான் சம்பளம் குடுக்கற விஷயத்துல நான் கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. லைப்ரரியன் சம்பளத்தை ஃபவுண்டேஷன் ஏத்துக்கிட்டா அந்த வருஷம் எல்லாரும் கை தட்டுவாங்க, மார்க்கெட் விழுந்து வசூல் குறையற வருஷம் அந்த ஆள் வீட்டுக்குப் போகணும்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடுங்க. பெரும்பாலான நான்-ப்ராஃபிட் மாதிரி இவங்களும் வருஷா வருஷம் ஐ.ஆர்.எஸ்.ங்கிற ஃபெடரல் வரித்துறைக்கு ஃபார்ம் 990 வகையில ஒரு கணக்குப் படிவம் குடுக்கணும், அது பொது ஆவணம், ஐ.ஆர்.எஸ். சைட்லயே பேர் போட்டுத் தேடலாம். ரொம்பச் சின்னதுன்னா ஒரு போஸ்ட்கார்டு அளவு தகவல்தான் இருக்கும், அப்ப நேரா மீட்டிங் போயி போன வருஷம் எந்தெந்த கிராண்ட் குடுத்தீங்கன்னு கேளுங்க, பட்டியல் காட்டத் தயங்கினா நான் ஒரு டாலர் கூட குடுக்க மாட்டேன். வரிச்சலுகைக்காகக் குடுக்கறதா இருந்தா நீங்க ஐட்டமைஸ் பண்றீங்களான்னு, அதாவது செலவை ஒவ்வொண்ணா கணக்குக் காட்டிக் கழிக்கிறீங்களான்னு மொதல்ல பாருங்க, இங்க பாதிக்கு மேல ஆளுங்க எல்லாருக்கும் பொதுவா குடுக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்தான் எடுக்கறாங்க. 2026ல இருந்து அவங்களுக்கும் நன்கொடைக்கு ஒரு அளவு வரைக்கும் கழிவு உண்டு. ஃபவுண்டேஷன் வசூலுக்காக நடத்துற காலா டின்னருக்குப் போனா டிக்கெட் முழுசும் நன்கொடையா கணக்காகாது, சாப்பாட்டு மதிப்பைக் கழிக்கணும். ஐடி கம்பெனில இருந்தா மேட்சிங் இருக்கான்னு பாருங்க, 100 குடுத்தா கம்பெனி 100 போடும், அதுக்கு ஒரு பட்டன் அமுக்கணும், நம்மாளுங்க முக்கால்வாசி பேர் அதை மறந்துடறாங்க, என் வீட்டுக்காரர் உட்பட.

லெட்டர்ல ஒரு பிள்ளைக்கு இவ்ளோன்னு தொகை போட்டிருந்தா அது ஃபீஸ் இல்ல, வெறும் வேண்டுகோள். காலியா விட்டுட்டா பையனுக்கு ஒண்ணும் ஆகாது, டீச்சருக்கு யாரு குடுத்தா யாரு குடுக்கலைன்னு தெரியவும் கூடாது. பணம் இல்லன்னா அப்ளிகேஷன் படிக்கப் போங்க. ஆள் எப்பவும் குறைச்சலாத்தான் இருக்கு, அதுவும் எழுத்துப்பிழையைப் பாத்து மார்க்கைக் குறைக்காத ஆள்.