வண்டிக்கு அடியில் தொங்கும் சில்லு: மூடிவைப்பதா, இறக்கிக் கழுவுவதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்அப்) வாகனம் ஒன்று இருக்கிறது. மாதம் ஒருமுறையாவது அண்ணாவின் குடும்பத்தோடு வில்பத்துக் காட்டுப் பக்கம் போய்வருகிறோம். திரும்பும்போது அடியில் தொங்கும் ஸ்பெயார் வீல் செம்மண் அப்பி, டயர் எது ரிம் எது என்று தெரியாமல் இருக்கிறது. தடித்த பொலித்தீனால் சுற்றிக் கட்டலாமா? அல்லது உறை தைத்துப் போடலாமா?"

பொலித்தீன் வேண்டாம். ஏற்கெனவே சுற்றியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சேற்றுத் தண்ணீர் ஏதோ ஓர் இடுக்கால் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியிருக்காது. கொழும்பு வெயிலில் நிற்கும் வண்டியின் அடியில் அந்த ஈரம் நாள்கணக்கில் புழுங்கிக் கிடந்தால், இரும்பு ரிம்மில் துரு ஏறும். அலோய் ரிம்மில் வெள்ளை பூத்து அரிக்கத் தொடங்கும். பொலித்தீனின் ஓரம் கிழிந்து புகைக்குழாயில் பட்டால் உருகி ஒட்டும், தீப்பிடிக்கவும் கூடும்.

டயரின் ரப்பரில் மண் ஒட்டியிருப்பதால் பெரிய கேடு வந்துவிடாது. ஓடுகிற நான்கு டயர்களிலும் அதே மண்தான் ஒட்டுகிறது. அவை சுழன்று உதறிவிடுகின்றன. மேலதிகச் சில்லு படுத்துக் கிடக்கிறது, அதுதான் வித்தியாசம். படுத்திருக்கும் ரிம்மின் மேற்பக்கம் ஒரு தாச்சி போலக் குழிந்திருக்கும். பின் சில்லுகள் வாரியிறைக்கும் சேறு அதற்குள் விழுந்து தங்கும். சில்லைத் தொங்கவிடும் கம்பிவடத்தின் நுனியிலுள்ள தூக்கும் தகடு நடுத்துளையை அடைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் வடிவதற்கு நட் போடும் ஆறு துளைகள்தான் மிச்சம். அவையும் மண்ணால் அடைபட்டால் தாச்சியில் தண்ணீர் நிற்கத் தொடங்கும். பெருமழைக்குப் பிறகு பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியென்றால் அங்கே நுளம்பு முட்டையிடவும் இடமுண்டு. டெங்குக்காக முற்றத்தில் கிடக்கும் பழைய டயரைக் கவிழ்த்துவைக்கிறோம். வண்டிக்கு அடியில் இருப்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ஆனாலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது சில்லைத் தூக்கி வைத்திருக்கும் கப்பிதான். சில ஆண்டுகளுக்கு முன் கற்பிட்டிக் கடற்கரையோர மணலில் எங்கள் வண்டியின் பின்டயர் கிழிந்தது. சுழற்றும் கம்பியை பம்பருக்கு மேலுள்ள துளையால் விட்டுத் திருப்பினேன். கப்பி அசையவே இல்லை. அதற்கு முந்தைய பயணங்களின் மண்ணும் உப்பும் பற்சக்கரங்களுக்குள் போய்க் கல்லாக இறுகிவிட்டிருந்தன. சில்லுக்கு அடியில் ஜக் வைத்துத் தாங்கிக்கொண்டு, இரும்பறுக்கும் வாளால் கம்பிவடத்தை அறுத்து எடுக்க இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. அன்றைக்கு என் ஸ்பெயார் வீல் பளபளவென்றுதான் இருந்தது. அடியிலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தேனே தவிர, இரண்டு வருடமாக அதைக் கீழே இறக்கியதே இல்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு காட்டுப் பயணத்துக்குப் பிறகும் சில்லைத் தரைக்கு இறக்குங்கள். இறக்கும்போது ஒருவரும் வண்டிக்கு அடியில் இருக்கக்கூடாது. டயரும் ரிம்முமாக ஏறக்குறைய 30 கிலோ. மண் நிரம்பியிருந்தால் இன்னும் கூடும்.

வில்பத்துச் செம்மண் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். ஆகவே வீடு வந்த அன்றோ மறுநாளோ கழுவுங்கள். முதலில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிறைய ஊற்றி கால் மணித்தியாலம் ஊறவிட்டு, பிறகு பிரஷ் போடுங்கள். நட் துளைகளை ஒரு குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். சேர்விஸ் நிலையத்துக்குக் கொடுத்தால் அழுத்தத் தண்ணீரைக் கப்பிக்கு நேரே பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வேகம் மணலைப் பற்களுக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். துருப்பிடிக்காமல் இருக்க வண்டியின் அடியில் பழைய எண்ணெயோ டீசலோ விசிறும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது டயரில் படக்கூடாது, ரப்பர் ஊதிப்போகும். பிரேக்கில் பட்டால் அதைவிட ஆபத்து.

கடற்கரைக்கோ களப்புப் பக்கமோ போயிருந்தால் மண் தெரியாவிட்டாலும் நல்ல தண்ணீரால் இரண்டு தடவை அலசுங்கள். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வெள்ளத்துக்குள் ஓட்டிவந்த நாளையும் காட்டுப் பயணமாகவே கணக்கில் எடுங்கள்.

கழுவிக் காய்ந்ததும், ரிம்மின் உட்பக்கத்தில் அச்சின் தட்டோடு பொருந்தும் வட்டமான முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். மண்படையோ துருச்செதிலோ தட்டுப்பட்டால் கம்பிப் பிரஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். அவசரத்தில் மண்ணோடு பூட்டினால் நட் இறுகிவிட்டதாகவே கைக்குத் தோன்றும். ஓட ஓட அந்த மண் நொறுங்கி உதிர, நட் தளர்ந்துவிடும். அந்த முகத்துக்கும் நட்டுக்கும் கிறீஸ் பூசாதீர்கள். மாற்றிய சில்லில் 50 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

கிறீஸ் தேவைப்படுவது கம்பிவடத்துக்கு. சில்லு கீழே இருக்கும்போது வடம் முழு நீளத்துக்கு வெளியே வந்திருக்கும். பழைய துணியால் துடைத்து, இழை ஏதும் அறுந்து முள்ளாக நிற்கிறதா என்று பாருங்கள். கையுறை இல்லாமல் தடவ வேண்டாம். ஓரிரு இழை அறுந்திருந்தாலும் கப்பியை மாற்றுவதே சரி. அதிவேக நெடுஞ்சாலையில் அந்தச் சில்லு கழன்று விழுந்தால் பின்னால் வருபவருக்குத் தப்ப வழியில்லை. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய கப்பி வாங்குவதானால் வடத்தை முழுவதும் இழுத்துப் பார்த்து, கைபிடியால் ஏற்றி இறக்கிச் சோதித்த பிறகு காசைக் கொடுங்கள்.

இனி உறை. சேறு வருவதைக் குறைக்க வேண்டுமென்றால், பின் அச்சுக்கும் சில்லுக்கும் இடையில் லொறிகளுக்குப் போடும் தடித்த ரப்பர் சேற்றுத்தடுப்பு ஒன்றைக் குறுக்காகத் தொங்கவிடுங்கள். பாதிச் சேற்றை அதுவே மறிக்கும், மறித்தது தானே கீழே விழும். புகைக்குழாயிலும் பிரேக் குழாயிலும் கைப்பிரேக் வடத்திலும் முட்டாதபடி கராஜில் கொடுத்துப் பூட்டிக்கொள்ளுங்கள். உறைதான் வேண்டுமென்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றால், அடிப்பக்கம் முழுவதும் வலையாக இருக்கும்படி கன்வஸில் தைப்பியுங்கள். டயர் சட்டத்தில் அழுந்தி நிற்கும் இடங்களில் துணி வரக்கூடாது. டயருக்கும் சட்டத்துக்கும் இடையில் துணி இருந்தால் காலப்போக்கில் அது நசிந்து, சில்லு தளர்ந்து ஆடும்.

காற்று வால்வுக்குப் பிளாஸ்டிக் மூடியே நல்லது. அலுமினிய மூடி ஈரத்தில் பித்தளையோடு ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது வால்வையே முறித்துவிடும். காற்றைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையின் கூடிய அளவுக்கு மேல் 3, 4 பிஎஸ்ஐ அதிகமாக வைத்திருங்கள். தேவையான நேரத்தில் குறைப்பது சுலபம், காட்டில் ஏற்றுவது கடினம்.

டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் பலரும் பழைய வண்டிகளையே வைத்து ஓட்டினோம். அடியில் தொங்குவது வண்டியோடு வந்த அதே டயராக இருப்பதை அடிக்கடி காண்கிறேன். தரையில் ஓடாததால் டயரின் பூ தேயாமல் அப்படியே இருக்கும், ரப்பர் மட்டும் வெடித்திருக்கும். பத்து ஆண்டைத் தாண்டியிருந்தால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

சில்லை மறுபடி ஏற்றும்போது, வாகனக் கையேட்டில் சொன்ன பக்கம் மேலே இருக்கட்டும். தூக்கும் தகடு நடுத்துளையில் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, கம்பிவடம் இறுகும்வரை சுழற்றுங்கள். பிறகு பம்பருக்குப் பின்னால் குந்தி, இரண்டு கையாலும் சில்லைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆடினாலும் இறக்கி மறுபடி ஏற்றுங்கள்.