ஹோம் சரி, கோவைதான் தூரம்

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், அவர் காலமான பிறகு ஆறு வருடமாக அம்மா ஈரோட்டில் என் வீட்டில்தான் இருக்கிறார். போன வருடம் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. அதிலிருந்து எழுந்து நடக்க ஆள் வேண்டும், மறதியும் அதிகமாகிவிட்டது. ராத்திரியில் எழுந்து "பவானிக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுகிறார். நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். ஏஜென்சியிலிருந்து வந்த ஆட்கள் யாரும் நிலைக்கவில்லை. கோவையில் ஒரு அசிஸ்டட் லிவிங் ஹோமில் மாதம் 38,000 ரூபாய் கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன், "அம்மாவை முதியோர் இல்லத்துல தள்ளப் போறியா, ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்கிறார். ஆனால் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாதாம். கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் ஹோமில் விட்டுவிடலாம், பத்து நாளில் பழகிவிடும் என்கிறார் என் கணவர். நான் செய்யப்போவது பாவமா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: பாவம் இல்லை. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மகன் இருக்கும்போது அம்மா மகள் வீட்டில் இருப்பதையே ஒரு மாதிரியாகப் பேசுகிற ஊரில், ஆறு வருடம் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். இடுப்பு ஆபரேஷன் ஆன, மறதியும் உள்ள ஒருவரைக் கவனிப்பது ஒரு ஆள் வேலையே கிடையாது. பகலுக்கு ஒருவர், ராத்திரிக்கு ஒருவர், அவர்கள் லீவு போட்டால் மாற்றாள் என்று மூன்று பேர் செய்யவேண்டியதை, வங்கி வேலைக்கு முன்னும் பின்னும் தூக்கமில்லாமல் நீங்கள் ஒருவரே செய்துகொண்டிருக்கிறீர்கள். இப்படியே போனால் அடுத்து விழப்போவது நீங்கள்தான். அப்போது அம்மாவை யார் பார்ப்பது?

ஆகவே ஹோமில் சேர்க்கலாம். ஆனால் கோவையும் வேண்டாம், கோயில் யோசனையும் வேண்டாம்.

கோவையை ஏன் வேண்டாம் என்கிறேன்? வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கமெல்லாம் ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் பலர் அங்கே வில்லா வாங்கிக்கொண்டு, சமைக்கிற கவலை இல்லாமல், பேச நாலு பேரோடு நிம்மதியாக இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிந்தவர்களுக்கு. உங்கள் அம்மாவுக்கு வேண்டியது குளிப்பாட்ட, உடை மாற்ற, மாத்திரை கொடுக்க, ராத்திரி கையைப் பிடித்து பாத்ரூம் கூட்டிப்போக ஒரு ஆள். அந்த ஆள் பொறுமையானவரா, சிடுசிடுப்பவரா என்பது வரவேற்பறையைப் பார்த்தால் தெரியாது. நீங்கள் எந்தெந்த நேரத்தில் சொல்லாமல் போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது தெரியவரும், கவனிப்பும் ஓரளவு அதைப் பொறுத்துத்தான் இருக்கும். ஈரோட்டிலிருந்து கோவை 100 கிலோமீட்டர். வங்கி வேலையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் போக முடியும், அதுவும் எல்லா ஞாயிறும் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமையில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகன் வாராவாரம் ஞாயிறு காலை 11 மணிக்குப் போவார். அம்மா தலை வாரி, பவுடர் போட்டு, மல்லிகைப்பூ வைத்து உட்கார்ந்திருப்பார். இவருக்கும் பரம திருப்தி. ஒரு முறை வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவர் புதன்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு உள்ளே நுழைந்திருக்கிறார். அம்மா அதே நாற்காலியில், மத்தியானம் கட்டிய டயப்பர் நனைந்து கனத்துத் தொங்க, கையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார். அந்தத் தளத்தில் பதினெட்டு பேருக்கு இரண்டு பெண்கள், அவர்களும் காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர்கள். அவர்களைத் திட்டி என்ன ஆகப்போகிறது? மகன் நிர்வாகத்திடம் பேசினார், அதன் பிறகு கிழமையையும் நேரத்தையும் மாற்றி மாற்றிப் போக ஆரம்பித்தார், அம்மாவின் நிலைமையும் மாறியது.

அதனால் ஈரோட்டிலோ, பெருந்துறைப் பக்கமோ, வங்கி முடிந்து ஸ்கூட்டியில் போய்விட்டு வரக்கூடிய தூரத்தில் விசாரியுங்கள். கட்டடம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. தரை வழுக்காமல், பாத்ரூமில் கைப்பிடி இருந்து, வாடை அடிக்காமல் இருந்தால் போதும்.

பார்க்கப் போகும்போது காலையில் போகாதீர்கள். சாயங்காலம் போங்கள், முடிந்தால் ராத்திரி ஷிஃப்ட் மாறும் நேரம் வரை அங்கேயே இருங்கள். மறதி உள்ளவர்களுக்கு இருட்டத் தொடங்கும்போதுதான் படபடப்பு அதிகமாகும். உங்கள் அம்மாவைப் போலவே "வீட்டுக்குப் போகணும்" என்று யாராவது கிளம்பினால், அங்கே இருப்பவர்கள் அதட்டுகிறார்களா, உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கிறார்களா என்று கவனியுங்கள். பாத்ரூமில் இருக்கும் அழைப்பு மணியை நீங்களே அழுத்திப் பாருங்கள். ராத்திரியில் ஒரு தளத்துக்கு எத்தனை பேர், அவர்களில் நர்ஸ் யாராவது உண்டா என்று கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்கள். பல இடங்களில் ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கே முடிந்துவிடும், அடுத்து காலை எட்டு மணிக்குத்தான் டிபன். நடுவில் 13 மணி நேரம். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்து மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டால், படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலாவது கொடுப்பார்களா என்பது சின்னக் கேள்வி கிடையாது.

கையெழுத்துப் போடும் முன் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: நாளைக்கு அம்மா படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா, கூட்டிக்கொண்டு போகச் சொல்வார்களா? குடும்பங்கள் அதிகம் திண்டாடுவது இந்த இடத்தில்தான். சேர்க்கும்போது எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்பவர்கள், படுக்கைப் புண் வந்தபின் "எங்களிடம் வசதி இல்லை" என்று கையை விரிப்பதுண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க ஆள் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். 38,000 என்பதும் பெரும்பாலும் முழுத் தொகையாக இருக்காது. டயப்பர், பிசியோதெரபி, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரும் ஆள் எல்லாம் தனிக் கணக்காக வரலாம். அட்வான்ஸ் எப்போது திரும்பும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு ரூம் வாடகை உண்டா, வருடத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தக் கோயில் விஷயம். உங்கள் கணவர் உங்கள் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். ஊருக்குப் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லி அப்பாவை விட்டுவிட்டு வந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர் தினமும் காலையில் வேட்டி சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கேட் பக்கத்துத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுவார், "பையன் கார் எடுத்துட்டு வர்றான்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டு. சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார், வந்துவிட்டால் காரைத் தவறவிட்டுவிடுவோம் என்ற பயம். மறதி உள்ளவர்களுக்கு நடந்தது மறந்துபோகலாம், ஏமாற்றப்பட்ட கலக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

சொல்லிவிட்டே கூட்டிப்போங்கள். "அம்மா, ராத்திரி உங்களைப் பாத்துக்க என்னால தனியா முடியல. பக்கத்துலயே ஒரு இடம் இருக்கு, நர்ஸ் இருக்காங்க, நான் சாயங்காலம் வந்துடுவேன்." அவ்வளவுதான். நீளமாக விளக்க வேண்டாம். மறுபடி கேட்பார், மறுபடி அதையே சொல்லுங்கள். அழுவார், திட்டுவார், அதற்கு நீங்கள் தயாராக இருக்கவேண்டும். எடுத்த எடுப்பில் நிரந்தரமாகச் சேர்க்காமல், ஒரு மாதத்துக்கு மட்டும் தங்கவைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், பல ஹோம்களில் அந்த வசதி உண்டு. அந்த ஒரு மாதம் நீங்கள் ராத்திரி தூங்குங்கள், அப்புறம் முடிவெடுக்கலாம்.

அம்மாவின் சொந்தப் பொருட்களைக் கொண்டுபோங்கள். ஒரு பவானி ஜமக்காளம் இல்லாமலா இருக்கும் உங்கள் வீட்டில்? ஆனால் அதைக் கட்டில்மேல் விரியுங்கள், தரையில் போட்டால் தடுக்கி விழுவார். கண்ணாடி, பல் செட், சேலை எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். நகையை வீட்டில் வைத்துவிட்டு, தோட்டைக் கழற்ற மாட்டேன் என்றால் கவரிங் போட்டு அனுப்புங்கள். பவானிக்குப் போகணும் என்று கேட்டால், அங்கே இப்போ யாரும்மா இருக்கா என்று வாயை அடைக்க வேண்டாம் என ஹோம் ஆட்களிடம் சொல்லிவையுங்கள். பவானியில் ஆறுகள் சேரும் கூடுதுறையைப் பற்றிக் கேட்டால் அவரே பேச ஆரம்பித்துவிடுவார். இன்னொன்று, ஒரே நாளில் திடீரென்று குழப்பம் அதிகமானால் மறதி முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று பல நேரம் காய்ச்சலாக வராமல் குழப்பமாக வரும். சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

பணத்துக்கு வருவோம். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும் என்று நினைக்கிறேன். 80 வயது முடிந்தால் அடிப்படைக் குடும்ப ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கவேண்டும், கருவூலத்தில் பிறந்த தேதி சரியாகப் பதியாததால் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள், சரிபாருங்கள். ஓய்வூதியம் வாங்குபவர் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் வருடாந்திர நேர்காணலுக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், தபால்காரரே இருக்கும் இடத்துக்கு வந்து டிஜிட்டல் ஆயுள் சான்று எடுத்துத் தரும் வசதி இருக்கிறது. பவானியில் அம்மா பெயரில் வீடு இருந்தால் அவசரப்பட்டு விற்கவோ யார் பெயருக்கும் மாற்றவோ வேண்டாம், வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தை அம்மாவுக்கே செலவு செய்யுங்கள். மீதி விழும் தொகை அண்ணனுக்கும் உங்களுக்கும் சரிபாதி. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகன், மகள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், தலைமையிலான தீர்ப்பாயம் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். அண்ணனை ஆர்டிஓ ஆபீசுக்கு இழுக்கச் சொல்லவில்லை, கடமை உங்களுக்கு மட்டும்தான் என்று நீங்களே நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பிற்பாடு ஹோமில் ஏதாவது கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

ஊர்ல நாலு பேர் என்ன சொல்லுவாங்க என்று கேட்கும் அண்ணனை, ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு ஈரோட்டுக்கு வரச் சொல்லுங்கள். அந்த வாரம் ராத்திரி டியூட்டி அவருடையது, கதவைத் தட்டும்போது எழுந்து போகவேண்டியது அவர். அதற்குப் பிறகு உட்கார்ந்து பேசுங்கள். ஹோமைப் பார்க்கவும் அவர் கூட வரட்டும், சேர்க்கும் நாளன்று கட்டாயம் இருக்கட்டும். "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்று அம்மா கேட்கும்போது நீங்கள் மட்டும் தனியாக நிற்கக் கூடாது.