பொறுப்பு வந்துவிட்டதாம்!

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் எங்கள் கார் விபத்துக்குள்ளானது. கணவர்தான் ஓட்டினார். என் பிள்ளைகளின் கண்ணெதிரே கொழுந்தனார் இறந்துபோனார். 11 வயது மகள் இன்னும் என்னைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறாள். பயந்து அவளை வெளியே விடுவதில்லை. 9 வயது மகனை, ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா’ என்று கணவர் முதல் வாரமே தேற்றிவிட்டார். அவனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. படுக்கை விரிப்பைக்கூட விடியுமுன் தானே துவைத்துப் போடுகிறான். பள்ளியில்தான் அடிதடி என்று புகார். மகளை எப்படித் தேற்றுவது?

பதில்: மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் மகனைப் பற்றித்தான் பேச வேண்டும்.

ஏம்மா, ஒன்பது வயதுப் பையன் இருட்டில் எழுந்து விரிப்பை எதற்குத் துவைக்கிறான்? தன் சட்டையைத் துவைக்கிறானா? சாப்பிட்ட தட்டைக் கழுவுகிறானா? விரிப்பு மட்டும்தானே? பிள்ளை ராத்திரியில் படுக்கையை நனைக்கிறான். அது வெளியே தெரிந்தால் ‘ஆம்பளப் பிள்ளை’ பட்டம் போய்விடும் என்று நடுங்குகிறான். அந்த நடுக்கத்துக்கு நீங்கள் வைத்த பெயர் பொறுப்பு! அக்காவுக்கு அம்மா மடி, தம்பிக்குச் சோப்பு. இது என்ன நியாயம்?

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமலிருந்த பிள்ளை மறுபடி தொடங்கினால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் என்ன நடந்தது என்றும் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். அந்த அடிதடியையும் சேர்த்துச் சொல்லுங்கள். அழ விடாத பயம் பிள்ளைகளிடம் கோபமாகவும் வெளியே வரும். இப்படிப்பட்ட அறிகுறிகள் ஒரு மாதம் தாண்டினாலே விட்டுவைக்கக் கூடாது. நீங்கள் எட்டு மாதம் விட்டிருக்கிறீர்கள். மனக்காயத்துக்கென்றே பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகள். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போகிற வேலை இல்லை அது, பெற்றோரும் உட்கார வேண்டும்.

மகளுக்கும் அதே மருத்துவர்தான். அதற்குமுன் அவளைத் தெருவில் விளையாட விடுங்கள். கார் மோதியதற்கும் அவள் பெண்ணாகப் பிறந்ததற்கும் என்ன சம்பந்தம்?

இன்றைக்கு ராத்திரி மகன் பக்கத்தில் படுங்கள். விடியலில் அவன் எழுந்தால் நீங்களும் எழுந்து, ஒன்றும் கேட்காமல், விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அன்றைக்கு வண்டி ஓட்டியவர் உங்கள் கணவர். போனது அவர் தம்பி. இவ்வளவு எழுதிய நீங்கள், அவர் தூங்குகிறாரா என்று ஒரு வரி எழுதவில்லையே?