ஃபோர்டு மாடல் ஏ: இரட்டை ஸ்ட்ராம்பெர்க் 97 கார்புரேட்டரில் பெட்ரோல் வழிவது

ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு) மாற்றி இது தீராது. பம்ப் அழுத்தத்தைக் குறையுங்கள்.

1929 மாடல் ஏ எஞ்சினில் ஐடிலிலேயே இரண்டு கார்புரேட்டரும் வழிகின்றன, புதிதாக மின்சார பம்ப் போட்டேன் என்கிறீர்கள். சந்தேகம் அந்தப் பம்ப் மேல்தான். பெட்ரோல் வரத்தை அடைக்கும் 97-இன் ஊசி வால்வு சுமார் 2.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) வரைதான் தாங்கும். கடையில் கிடைக்கும் பம்புகள் பல 4-க்கு மேல் தள்ளும். ஃபோர்டு அந்தக் காரில் பம்பே வைக்கவில்லை; டாஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கிவரும்.

எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, பம்பை மட்டும் ஓடவிடுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நாசிலில் (பெட்ரோல் வெளிவரும் குழாய் முனை) சொட்டுச் சொட்டாக வந்தால் ஊசி தோற்றுவிட்டது. அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் போட்டு 2-க்கு இறக்கி, மறுபடி பாருங்கள். மலிவு ரெகுலேட்டரின் டயலை நம்பாதீர்கள். கார்புரேட்டர் பக்கத்திலேயே ஒரு கேஜ் வையுங்கள்.

அப்புறமும் ஒன்று மட்டும் வழிந்தால், அதன் மிதவையை (பெட்ரோல் மட்டத்தோடு ஏறி ஊசியை மூட வைப்பது) கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே சளக் என்றால் ஓட்டை.

அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள். இந்த எஞ்சினில் புகைபோக்கி மேனிஃபோல்டும் அதே பக்கம்தான், வழிவது நேராகச் சூடான அதன் மேல் விழும், தீப்பிடிக்கலாம்.