மூவருக்கும் ஒரே மரபணுக் கோளாறு, ஆனால் மூன்று விதமான நடை

கேள்வி: அப்பாவுக்கு 50 வயதுக்கு மேல்தான் நடை தடுமாறியது. அண்ணனுக்கோ 15 வயதிலேயே பாதம் தொங்கிப்போய், இப்போது பிரேஸ் போட்டுத்தான் நடக்கிறான். எனக்கு 27 வயது, பாதம் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். மூவருக்குமே சார்கோ-மாரி-டூத் 1ஏ என்ற பரம்பரை நரம்பு நோய் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இது சரியா? நானும் அண்ணன் மாதிரி ஆகிவிடுவேனா?

பதில்: ரிப்போர்ட்டைச் சந்தேகிக்காதீர்கள், இந்த நோயின் குணமே இதுதான். 17ஆம் குரோமோசோமில் உள்ள பிஎம்பி22 மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதி இருக்கும், உங்கள் மூவருக்கும் மூன்று. நரம்பின் மேலுறையான மயலினில் சேரும் ஒரு புரதம் அளவுக்கு மிஞ்சிப்போவதால் உறை கெட்டு, சிக்னல் மந்தமாகிறது. சாதாரணமாகக் கை நரம்பில் வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடுவது, இந்த வகையில் 38க்குக் கீழே இறங்கிவிடும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இந்த மந்தம் சின்ன வயதிலேயே வந்துவிடும், பிறகு பெரிதாக மாறாது. அதனால் உங்களுக்கும் அண்ணனுக்கும் டெஸ்ட் எடுத்தால் வேகம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். காலின் பலத்தைக் குறைப்பது உறைக்குள்ளே ஓடும் ஆக்ஸான் இழைகளின் தேய்மானம். அது ஏன் ஒருவருக்குச் சீக்கிரமும் இன்னொருவருக்கு மெதுவாகவும் நடக்கிறது என்பதற்கு முழு விடை இல்லை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடமே வித்தியாசம் பார்த்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்! ஆக, அண்ணன் காலைப் பார்த்து உங்கள் காலுக்கு ஜோசியம் சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன்.

உங்கள் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் இது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு, ஆனால் வந்தால் எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை எந்த டெஸ்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது. அப்புறம், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்த நரம்புகளைச் சட்டென்று முடக்கிவிடக்கூடியது. எந்த டாக்டரிடம் போனாலும் உங்கள் நோயின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மாமாவுக்குக் கடுமையான கால் பலவீனம், அம்மாவுக்கு லேசாக, எனக்கும் 20 வயதில் ஆரம்பித்துவிட்டது. எக்ஸோம் டெஸ்ட் எடுத்தும் ஒன்றும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் பரம்பரை நோய் இல்லையா?

பதில்: அப்படி முடிவுகட்ட வேண்டாம். சார்கோ-மாரி-டூத் நோய்க்குக் காரணமான மரபணுக்கள் 100க்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, மரபணுக்களில் முக்கியமாகப் புரதத்துக்கான பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம் டெஸ்ட் எல்லாவற்றையும் பிடித்துவிடாது. முதல் கேள்வி கேட்டவர் வீட்டில் இருக்கிற மாதிரியான கூடுதல் பிரதியைக்கூடத் தவறவிடலாம், அதற்கு எம்எல்பிஏ என்று தனி டெஸ்ட் உண்டு. ஆனால் ஆண்களுக்குக் கடுமை, பெண்களுக்கு லேசு என்று நீங்கள் சொல்வதைக் கேட்டால் எனக்கு எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஜிஜேபி1 என்ற மரபணு மேல்தான் சந்தேகம். அதில் புரதத்துக்கான பகுதிக்கு வெளியே பிழை இருந்தாலும் நோய் வரும், அந்த இடத்தை எக்ஸோம் சரியாகப் படிக்காமல் போகலாம். குடும்பத்தில் அப்பாவிடமிருந்து மகனுக்கு யாருக்காவது வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்பாவின் எக்ஸ் குரோமோசோம் மகனுக்குப் போகாது என்பதால், வந்திருந்தால் என் சந்தேகம் தப்பு, வராதிருந்தால் அந்தப் பகுதியையும் படிக்கச் சொல்லி உங்கள் மரபணு மருத்துவரிடம் கேளுங்கள்.