தவிலுக்குப் பக்கத்து நாற்காலி

அன்புள்ள ஐயா,

காது கேளாத ஸ்காட்லாந்துத் தாளவாத்தியக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அவருக்கு 8 வயதில் குறையத் தொடங்கிய செவித்திறன் 12 வயதில்தான் அநேகமாக முழுவதும் போனது. பீத்தோவனுக்குக் காது மங்கத் தொடங்கியதே வாலிபத்தில். இருவருக்கும் ஒலியின் நினைவு இருந்தது, அதை வைத்துச் சமாளித்தார்கள். என் அக்கா மகளுக்கு 14 வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தவில்காரருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். "பிள்ளை எப்படி இசையை ரசிக்குது பாருங்க" என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு அது பாசாங்காகப் படுகிறது. பஸ் எஞ்சின் மேல் உட்கார்ந்தாலும் அதிர்வுதானே? காதில்லாமல் இசை உண்டா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

உங்கள் வாதத்துக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். ஸ்காட்லாந்தில் கிளென்னி படித்த பள்ளியில் ரான் ஃபோர்ப்ஸ் என்று ஒரு தாளவாத்திய ஆசிரியர் இருந்தார். அவர் டிம்பனி என்ற பெரிய முரசை வாசிக்க, மாணவி வகுப்பறைச் சுவரில் இரு கைகளையும் வைத்துக்கொண்டு நிற்பார். கீழ்ச் சுரங்கள் காலிலும் பாதத்திலும் தெரிந்தன. மேலே போகப் போக நெஞ்சு, கழுத்து, முகம். எந்தச் சுரம் உடம்பில் எங்கே தட்டுகிறது என்று பழகிப் பழகி, ஓரளவுக்குச் சுருதியையே பிரித்தறியும் நிலைக்கு வந்தார். மேடையில் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்பது இதனால்தான். ஆனால் காது போவதற்கு முன்பே அவருக்கு அபாரமான சுருதி ஞானம் இருந்தது. சுவரில் கிடைத்ததை அந்த ஞானத்தோடுதான் பொருத்திக்கொண்டார். ஆகவே நினைவு உதவியது என்று நீங்கள் சொல்வது சரி.

அப்புறம் ஹெலன் கெல்லரை என்ன செய்வீர்கள்? 19 மாதக் குழந்தையாக இருக்கும்போதே பார்வையும் செவியும் போனவர். 1924 பிப்ரவரியில் நியூயார்க்கில் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியை வானொலியில் ஒலிபரப்பினார்கள். வீட்டில் யாரோ யோசனை சொல்ல, ரேடியோவில் ஒலி வெளிவரும் ரிசீவரின் மூடியைக் கழற்றி, உள்ளே துடிக்கும் மெல்லிய தகட்டின் மேல் விரல் வைத்தார். மறுநாள் இசைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தில் முரசின் உருட்டலை, வயலின்களை, கடைசியில் கூட்டுக்குரல்கள் எழும்பி வந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறார்.

புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதிவிட்டார் என்று சந்தேகப்படலாம். கெல்லரின் நடையில் புத்தக வாசனை கொஞ்சம் தூக்கல்தான், எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் சபாவில் உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேர் பக்கத்து இருக்கைக்காரர் ராகத்தின் பெயரைச் சொன்ன பிறகு உருகத் தொடங்குகிறோம்? அதற்காக நம் ரசனையை யாரும் போலி என்பதில்லை.

மூளை பற்றியும் ஒரு செய்தி. 2001-இல் டீன் ஷிபாட்டா என்ற அமெரிக்க மருத்துவர், காது கேளாத மாணவர்களின் கையில் அதிர்வைக் கொடுத்து மூளையைப் படம் எடுத்தார். நமக்கு ஒலியைக் கேட்கப் பயன்படும் பகுதி அவர்களிடம் அந்த அதிர்வுக்கு வேலை செய்தது. இடம் காலியாகக் கிடக்கவில்லை, தோல் அங்கே குடியேறிவிட்டது.

ஆனாலும் தோலுக்கும் எல்லை உண்டு. காது 20,000 ஹெர்ட்ஸ் (ஒரு விநாடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரை போகும். தோல் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அது கூர்மையாக உணர்வது 250 ஹெர்ட்ஸ் பக்கம். அடுத்தடுத்த இரண்டு சுரங்களைப் பிரிப்பதில் தோல் காதின் பக்கத்தில்கூட வராது. எனவே உங்கள் அக்கா மகளுக்கு நாதஸ்வரத்தின் குழைவும் கமகமும் பெரும்பாலும் போய்ச் சேராது. "எல்லாம் அவளுக்கும் கேட்கிறது" என்று வீட்டில் யாராவது சொன்னால் அது பாசாங்குதான், உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

தவில் விஷயம் வேறு. தொப்பி எனப்படும் இடப்பக்கத்துத் தோலில் கழி விழும்போது வரும் அடி நாற்காலி வழியாக, தரை வழியாக அவள் விலாவுக்கு வந்துவிடும். வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள் பொழியும் சொற்களை அவள் கண்ணால் பிடிக்கலாம். கைகள் எங்கே நெருங்குகின்றன, எங்கே ஓர் அடியை வேண்டுமென்றே விழுங்குகின்றன, வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் எப்போது வந்து விழப்போகிறது என்பதற்கெல்லாம் சுருதி தேவையில்லை. காலக்கணக்கு போதும். பக்கத்திலேயே உட்கார அவளுக்குக் காரணம் இருக்கிறது.

பஸ் எஞ்சினுக்கு வருகிறேன். அது காதுள்ளவருக்கும் வெறும் சத்தம்தான். அதற்காகக் காதால் இசை கேட்க முடியாது என்று யாரும் சொல்வதில்லையே! அடுத்த அடி எங்கே விழும் என்று எதிர்பார்க்க வைப்பதும், அந்த எதிர்பார்ப்போடு விளையாடுவதும்தான் எனக்கு இசை. எஞ்சின் அதைச் செய்வதில்லை, தவில் செய்கிறது. வாஷிங்டனில் காது கேளாதோருக்கென்றே நடக்கும் கல்லோடெட் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுப் போட்டிகளில் தங்கள் அணிக்காகப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்ற முரசடிக்குச் சைகையில் பாடுவார்கள். யாருடைய காதையும் கேட்டு அவர்கள் அதை அமைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. காது கேளாதோர் என்று சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ கொஞ்சம் கேட்கும், அதிலும் கீழ்ச்சுருதி ஒலிகள். காது மெஷின் போட்டவர், காக்ளியர் இம்ப்ளாண்ட் என்று உட்காதில் அறுவைசெய்து பொருத்தும் மின்கருவி வைத்தவர் (அதில் பெரும்பாலும் 22 மின்முனைகளுக்கு மேல் இருக்காது, தாளம் நன்றாகத் தெரியும், மெட்டு குழம்பும்), இசையே வேண்டாம் என்று ஒதுங்குபவர் என்று எல்லா வகையும் உண்டு. காது கேளாதவர் இசையை ரசித்தால்தான் முழுமை என்று நினைப்பது காதுள்ளவர்களின் அகம்பாவம்.

நீங்கள் நீளமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. 14 வயதுப் பெண் எதற்கு அங்கே போய் உட்காருகிறாள் என்று சைகையிலோ எழுதிக்காட்டியோ அவளிடமே கேளுங்கள். தவில்காரர் விரலைப் பார்க்கப் பிடிக்கும் என்பாள், அல்லது பந்திக்கு அந்த வழிதான் பக்கம் என்பாள். நெஞ்சில் தட்டுவது பிடிக்கும் என்றால், அடுத்த கல்யாணத்தில் நன்றாக ஊதிய பலூன் ஒன்றை இரு கைகளிலும் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கச்சேரிகளில் காது கேளாதோர் பலரும் செய்வதுதான். அதிர்வு இன்னும் தெளிவாகத் தெரியும். நீங்களும் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.