பழைய நிரல் கைக்கு வந்திருக்கிறது. முழுசாக மாற்றி எழுதிவிடலாமா?

கேட்டிருப்பவர் கையில் இருப்பது பதினைந்து வருடப் பழைய நிரல். எழுதியவர்கள் யாரும் இப்போது இல்லை, நிரல் சரியாக ஓடுகிறதா என்று தானாகப் பார்க்கும் டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. மொத்தத்தையும் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதலாமா, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாமா என்கிறார்.

தூக்கிப்போடாதீர்கள். நான் ஒருமுறை அப்படித் தொடங்கி ஏழு மாதம் எழுதினேன். அந்த ஏழு மாதமும் பழையது சும்மா இருக்கவில்லை; வாரத்துக்கு ஒரு மாற்றம் அதில் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் புதியதைத்தான் தூக்கிப்போட்டோம். பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. நெட்ஸ்கேப் என்ற பிரவுசரின் 4ஆம் பதிப்பு வந்தது 1997இல். 1998இல் அந்த நிரலை விட்டுவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்கள். அடுத்து வந்தது நெட்ஸ்கேப் 6, அதுவும் 2000 நவம்பரில். 5 வரவே இல்லை. அதற்குள் போட்டி பிரவுசரான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இடத்தைப் பிடித்துவிட்டது.

சரி, எங்கே தொடங்குவது? முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டு கைவைக்கலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நிஜ உள்ளீடுகள் சில நூறு எடுத்துப் பழைய புரோகிராமில் ஓட்டி, வருகிற வெளியீட்டை அப்படியே ஃபைலில் போட்டு வையுங்கள். சரியா தப்பா என்று பார்க்க வேண்டாம். இப்போதைக்கு அதுதான் அளவுகோல்.

பைத்தான் என்ற நிரல் மொழியின் 2ஆம் பதிப்பிலிருந்து 3ஆம் பதிப்புக்கு ஒரு கணக்குப் புரோகிராமை மாற்றியபோது எங்களைக் காப்பாற்றியது அப்படி ஒரு ஃபைல்தான். தானாக மாற்றித் தரும் கருவி பிரிண்ட் வரிகளையெல்லாம் திருத்திக் கொடுத்தது, புரோகிராமும் எர்ரர் இல்லாமல் ஓடியது. பழைய வெளியீட்டோடு ஒப்பிட்டால் 500இல் 11 இடித்தது. சில, வகுத்தலால் வந்தவை: 5ஐ 2ஆல் வகுத்தால் பைத்தான் 2இல் 2, பைத்தான் 3இல் 2.5. தெரிந்த கதை, உடனே சரிசெய்தோம். மீதிதான் படுத்தி எடுத்தது. 3.5 இரண்டிலும் 4 ஆனது. 2.5 மட்டும் பழையதில் 3, புதியதில் 2. ஒரு நாள் முழுக்கத் தரவைச் சந்தேகப்பட்டோம். மாறியிருந்தது, பின்ன எண்ணை முழு எண்ணாக்கும் ரவுண்ட் ஃபங்ஷனே. எங்களிடம் இருந்தவை நேர் எண்கள். பழையது அவற்றில் அரையை எப்போதும் மேலே ஏற்றும், புதியது பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும்.

புதிய முறைதான் நல்லது என்று டீமில் ஒருவர் வாதாடினார். இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை வாங்கி மேற்கொண்டு கணக்குப் போடும் மூன்று புரோகிராம்கள் பழைய முறையை நம்பி இருந்தன. அதனால் பழைய ரவுண்டையே நாலு வரியில் எழுதி, 'பழைய ரவுண்ட்' என்றே பெயரும் வைத்தோம். மொழியை மாற்றும் வேலையையும் கணக்கை மாற்றும் வேலையையும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே மாற்றப் பதிவில் போட்டால், ஏதாவது உடையும்போது எதைத் திட்டுவது என்றே தெரியாது.

அப்புறம் துண்டு துண்டாக மாற்றுங்கள். மென்பொருள் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004இல் இந்த வழிக்கு ஒரு மரத்தின் பெயரை வைத்தார்: வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேரைக் கீழே இறக்கி, மெல்ல அதையே மூடிவிடும் ஆஸ்திரேலியக் காட்டு அத்தி. பனைமேல் விழுந்த ஆலவிதை என்றால் நமக்குச் சட்டென்று புரியும். அழைப்புகள் உள்ளே வரும் இடத்தில் ஒரு சின்ன அடுக்கை வைத்து, ஒரே ஒரு வேலையை மட்டும் புதிய நிரலுக்குத் திருப்புங்கள். சில வாரம் இரண்டையும் ஓடவிட்டு, பழையதன் பதிலையே வெளியே கொடுத்து, வித்தியாசத்தை லாகில், அதாவது பதிவு ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் எடுக்க வேண்டியது அடிக்கடி கைவைக்க நேரும் துண்டை. மூன்று வருடமாக யாரும் தொடாமல் ஒழுங்காக ஓடும் ஃபைல் அசிங்கமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

யாரும் கூப்பிடாத செத்த நிரலை மட்டும் விட்டுவைக்காதீர்கள். நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் அப்படி ஒன்றைப் பல வருடம் வைத்திருந்தது. அதை இயக்கிய ஃபிளாகையே, அதாவது சுவிட்ச் மாதிரியான குறியையே புதிய வேலைக்கும் எடுத்துக்கொண்டது. 2012 ஆகஸ்ட் 1 அன்று 8 சர்வர்களில் ஒன்றுக்குப் புதிய நிரல் போய்ச் சேரவில்லை. அங்கே பழையது எழுந்துகொண்டு, சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் விழுங்கிவிட்டது.

எங்கள் 'பழைய ரவுண்ட்' இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதை நம்பியிருந்த மூன்றில் இரண்டு மாறிவிட்டன. மூன்றாவதை எழுதியவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.